அம்மாவுக்கு மாடு வாங்க குழு லோன் எடுக்கலாமா? கொஞ்சம் நீளமான பதில்

கேள்வி கேட்ட தம்பி சொன்னதை சுருக்கமா போட்டுடறேன். ஊரு பாலக்கோடு பக்கம், இவருக்கு பெங்களூர்ல ஐடி வேலை. அம்மாவுக்கு 48 வயசு, 15 வருஷமா மகளிர் குழுவுல இருக்காங்க. இப்ப 80,000 ரூபா லோன் போட்டு ஒரு கறவை மாடு வாங்கணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறாங்க, அப்பா சரிங்கறாரு, ஓசூர்ல கட்டிக்குடுத்த அக்கா வேணவே வேணாங்குது. "பெண்கள் முன்னேற்றம்னு சொல்லிக் குடுக்குற இந்த லோனெல்லாம் நிஜமாவே முன்னேத்துதா இல்ல கடன்ல தள்ளுதா? நான் மாசம் 10,000 அம்மாவுக்குனு ஒதுக்க நெனைக்கிறேன், எதுல போட்டா அவங்களுக்கு நல்லது?" இதான் கேள்வி.

தம்பி, நான் தர்மபுரி ஜில்லாவுலயே மூணு பிராஞ்ச் மாறி மாறி பேங்க்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ, அதுல பாதி வருஷம் குழு லோன் டேபிள்தான், ஊருக்குள்ள போனா பேரு தெரியாது, "குழு மேடம்"னுதான் கூப்புடுவாங்க. அதனால கொஞ்சம் நீளமாதான் வரும், பொறுமையா படிங்க.

மொதல்ல ஒரு விஷயம் கேட்டுத் தெளிவாக்கிக்குங்க. அம்மா "குழு"ன்னு சொல்றது எந்தக் குழு? ஏன்னா இப்ப ஊர்ல ரெண்டு குழு இருக்கு, ரெண்டுக்கும் பேரு ஒண்ணு, ஆனா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. ஒண்ணு சேமிப்புக் குழு, அதாவது மகளிர் சுய உதவிக்குழு. 12லேர்ந்து 20 பேர், மாசா மாசம் சந்தா, ஊக்குனர், பிரதிநிதி, தீர்மான நோட்டு, ஒரு தகரப் பொட்டி. இன்னொண்ணு பைனான்ஸ்காரங்க சேக்குற குழு, அதுல சேமிப்பே கெடையாது, பைக்ல ஒரு பையன் வருவான், ஆதார் ஜெராக்ஸ் வாங்குவான், 5 பேரோ 10 பேரோ ஒருத்தருக்கொருத்தர் ஜாமீன், அடுத்த வாரத்துலேர்ந்து டியூ. நம்ம ஜனங்க ரெண்டையும் "குழுவுல பணம் எடுத்தேன்"னுதான் சொல்லுவாங்க. டவுன்ல இருக்குற புள்ளைங்களுக்கு வித்தியாசம் தெரியாம "அம்மா குழுவுலதான எடுத்திருக்காங்க, கவர்மென்ட் திட்டம்தான"ன்னு விட்டுடறாங்க, அப்புறம் ஒரு நாள் வீட்டு வாசல்ல வசூல்காரன் உக்காந்திருக்கும்போதுதான் தெரிய வருது.

சேமிப்புக் குழுவுக்கு நம்ம ஜில்லாதான் தாய்வீடு, இதுல எனக்கு கொஞ்சம் பெருமையும் உண்டு. 1989ல ஐநா சபையோட வேளாண் வளர்ச்சி நிதியம் உதவியோட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் மொதமொதல்ல ஆரம்பிச்சது தர்மபுரியிலதான். அப்ப கிருஷ்ணகிரியும் இதே ஜில்லா. அப்புறம் சேலம், தென்னாற்காடு, மதுரை, ராமநாதபுரம்னு போச்சு. 1992ல கிராம வளர்ச்சிக்கான பேங்க் நபார்டு மொதல்ல ஒரு 500 குழுவை பேங்க்கோட இணைச்சுப் பார்க்கலாம்னு ஆரம்பிச்சாங்க. 1997-98ல மகளிர் திட்டம்னு தமிழ்நாடு பூரா வந்துச்சு. பெண் குழந்தைய பொறந்த உடனே கொல்றாங்கன்னு பேப்பர்ல பேரு அடிபட்டுக்கிட்டிருந்த காலத்துல, அதே ஜில்லாவுல, கையெழுத்து போடத் தெரியாத பொம்பளைங்க பேங்க் கவுண்டருக்கு வந்து நின்னாங்கன்னா அது சின்ன விஷயம் இல்ல. அப்ப எங்க பிராஞ்ச்லயே ஸ்டாப்புங்க மொனகுவாங்க, "இவங்க வந்தா ஸ்டாம்ப் பேடு தேயுது"ன்னு.

அந்தக் குழுவோட சூட்சுமம் பேங்க் லோன்ல இல்ல, உள்கடன்ல இருக்கு. ஆளுக்கு 100 ரூபா சந்தா போட்டு சேருற பணத்தை அவங்களுக்குள்ளயே ரெண்டு வட்டிக்கு விடுவாங்க. ரெண்டு வட்டின்னா வருஷத்துக்கு 24, பைனான்ஸ்காரன் வாங்குறதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான, என்ன வித்தியாசம்னு கேப்பீங்க. வித்தியாசம் அந்த வட்டி எங்க போய் சேருதுங்கறதுதான். குழுவுல குடுத்த வட்டி அந்தப் பொட்டிக்கே திரும்ப வரும், வருஷக் கடைசியில குழுவோட சொந்தப் பணமா நிக்கும், அதுல உங்க அம்மாவுக்கும் பங்கு உண்டு. பைனான்ஸ்ல குடுத்த வட்டி சென்னைக்கோ மும்பைக்கோ போயிடும். 15 வருஷமா ஒழுங்கா நடந்த குழுன்னா உங்க அம்மா பேர்ல பங்குப் பணமே 20, 30 ஆயிரம் இருக்கலாம், மொதல்ல அதைக் கேளுங்க. நெறைய பேரு இதைக் கேக்கறதே இல்ல.

சரி, அப்ப லோன் முன்னேத்துதா? நான் பார்த்ததை சொல்றேன். லோன் குடுக்குற அன்னைக்கு பிராஞ்ச்க்கு உள்ள 12 பொம்பளைங்க உக்காந்திருப்பாங்க, நல்ல சேலை கட்டி, பூ வெச்சு, கல்யாணத்துக்கு வந்த மாதிரி. வெளிய புளியமரத்தடியில ஒரு ஏழெட்டு டிவிஎஸ் எக்ஸல் நிக்கும், ஒவ்வொண்ணு மேலயும் ஒரு ஆம்பள. கையெழுத்து, போட்டோ, எல்லாம் அந்தம்மாங்கதான். பணத்தை எண்ணி முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வெளிய போவாங்க, புளியமரத்தடிக்குப் போனதும் முந்தானை அவுந்துடும். எல்லாருக்கும் இல்ல, ஆனா நெறைய பேருக்கு. ஒரு நாள் ஒரு அக்கா, காரிமங்கலம் பக்கம், பணத்தை வாங்கிட்டு வெளிய போகாம என் டேபிள்கிட்டயே நின்னுச்சு. என்னக்கான்னு கேட்டா, "மேடம், இதை இப்பவே என் கணக்குலயே திரும்பக் கட்டிட்டு, அந்தாளுகிட்ட இன்னும் சாங்ஷன் ஆகலைன்னு சொல்லட்டுமா?"ன்னு கேட்டுச்சு. எனக்கு அன்னைக்கு சிரிப்பு வந்துச்சு. வீட்டுக்குப் போனப்புறம் வரல.

பேங்க்காரங்க எல்லா மேடையிலயும் ஒண்ணு சொல்லுவாங்க, நானும் சொல்லியிருக்கேன், "மகளிர் குழு லோன் வசூல் பிரமாதம், பொம்பளைங்க கரெக்டா கட்டிடறாங்க"ன்னு. அது பேங்க்கோட ஆரோக்கியத்துக்குக் குடுக்குற சர்டிபிகேட் தம்பி, அந்தம்மா முன்னேறுனதுக்கு இல்ல. கரெக்டா கட்டுறது மாட்டுல வந்த லாபத்துலயா, இல்ல களையெடுத்த கூலியிலயா, இல்ல இன்னொரு இடத்துல கடன் வாங்கியா, மூக்குத்திய அடகு வெச்சாங்கறதை எந்த லெட்ஜரும் காட்டாது. அதோட, குழுவுக்கு 6 லட்சம் சாங்ஷன் ஆச்சுன்னா 12 பேரும் ஆளுக்கு 50,000னு சரிசமமா பிரிச்சுக்குவாங்க, தேவை இருக்கோ இல்லையோ. வேண்டாதவங்க பங்கை இன்னொருத்தி எடுத்துக்கும், பேரு இவங்களது கடன் அவங்களது, அங்கதான் சண்டை ஆரம்பிக்கும்.

இப்ப பைனான்ஸ் குழு பத்தி. 2010ல ஆந்திராவுல இது முத்திப்போய் தற்கொலை வரைக்கும் போனதுல அந்த ஸ்டேட் கவர்மென்ட் அவசரச் சட்டமே போட்டாங்க. 2022ல ரிசர்வ் பேங்க் புது விதி கொண்டு வந்தாங்க, இதை அம்மாவுக்கு சொல்லிக்குடுங்க: வருஷ வருமானம் 3 லட்சத்துக்குள்ள இருக்குற குடும்பத்துக்கு ஈடு இல்லாம குடுக்குறதுதான் மைக்ரோ பைனான்ஸ் கடன், குடும்பத்தோட மொத்த கடன் டியூவும் சேர்ந்து மாச வருமானத்துல பாதிக்கு மேல போகக்கூடாது, முன்னாடியே கட்டி முடிச்சா அபராதம் கெடையாது, காலைல 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு மேலயும் போன் போட்டு கேக்கக்கூடாது, பேசி வெச்ச பொதுவான இடத்துலதான் வசூல் பண்ணணும். விதி இதெல்லாம் சொல்லுது. ஆனா பக்கத்து வீட்டுக்காரி கட்டலைன்னா மத்த நாலு பேரு சேந்து கட்டணும்னு சென்டர் மீட்டிங்ல உக்கார வெச்சா, எந்த ஏஜென்ட்டும் வாயத் தொறக்கவே வேணாம், அந்த நாலு பேரே போய் அவ வீட்டு வாசல்ல நின்னுடுவாங்க. சொந்தக்காரிய சொந்தக்காரியே வசூல் பண்ண வைக்கிறது, இதுக்கு பேரு பெண்கள் முன்னேற்றமாம். அம்மா இந்தக் குழுவைத்தான் சொல்றாங்கன்னா என் பதில் ஒரே வார்த்தை, வேணாம்.

சேமிப்புக் குழுன்னா கணக்கு போட்டுப் பார்க்கலாம். வாங்க, மாட்டைக் கறப்போம்.

80,000ல வர்றது ஒரு கலப்பின ஜெர்சி, வண்டி வாடகை, புரோக்கர் எல்லாம் சேர்த்து. வித்தவன் "பத்து லிட்டர் கறக்கும்"பான். அது கன்னு போட்ட ஒண்ணாம் ரெண்டாம் மாசம். 300 நாள் கறவைக்கு சராசரி போட்டா பால் கூட்டுறவு சொசைட்டிக்கு ஊத்த 7 லிட்டர் மிஞ்சினா நல்ல மாடு. ஆவின் பசும்பாலுக்கு 2023 டிசம்பர்ல ஊக்கத்தொகையோட சேர்த்து லிட்டருக்கு 38 ரூபா ஆக்குனாங்க, ஆனா கொழுப்பும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பு போக பால்ல இருக்குற சத்து) பார்த்துதான் போடுவாங்க, 36னு வெச்சுக்குங்க. ஒரு நாளைக்கு 252. 300 நாளைக்கு 75,600. அதுக்கப்புறம் மாடு வத்திடும், அடுத்த கன்னு போடுற வரைக்கும் நாலு மாசம் பால் வராது ஆனா தீனி போட்டே ஆகணும். ஆக ஒரு சுத்து 14 மாசம். தீவனம், தவுடு, புண்ணாக்கு, தட்டு எல்லாமே காசு குடுத்து வாங்குனா கறக்குற நாள்ல 150, வத்துன நாள்ல 70 ஆகும், மொத்தம் 53,400. டாக்டர், சினை ஊசி, இன்சூரன்ஸ் ஒரு 5,000. மிச்சம் 17,200. 14 மாசத்தால வகுத்தா மாசம் 1,230 ரூபா.

அதே மாட்டுக்கு உங்க நெலத்துலயே கோ-4 புல்லும் சோளத்தட்டும் இருந்து, தவுடும் கலப்புத் தீவனமும் மட்டும் வெளிய வாங்குனா செலவு 90, 40னு இறங்கும், அப்ப மிச்சம் 38,800, மாசம் 2,770.

இப்ப இந்தப் பக்கம் டியூ பாருங்க. 80,000ஐ பேங்க் குழுக்கடனா 12 பர்சன்ட்ல 3 வருஷத்துக்கு எடுத்தா மாசம் 2,657. அரசோட ஊரக வாழ்வாதார இயக்கத்துல சேந்த குழுவுக்கு 3 லட்சம் வரைக்கும் 7 பர்சன்ட் உண்டு, அதுல வந்தா 2,470. பைனான்ஸ்ல 24 பர்சன்ட்ல 2 வருஷம்னா 4,230. ஆக தீனி விலைக்கு வாங்குனா எந்தக் கடனும் கட்டாது. சொந்தத் தீனி இருந்தா பேங்க் கடன் கட்டும், கையில நிக்கிறது 100லேர்ந்து 300 ரூபா. பைனான்ஸ் கடனை ஒரு மாடு எந்த ஜென்மத்துலயும் கட்டாது, அம்மா கூலிக்குப் போய்தான் மாட்டுக்கு டியூ கட்டணும். லோன் நல்லதா கெட்டதாங்கற பொதுக் கேள்விக்கு இதான் என் பதில், தோட்டத்துல புல்லு இருக்கா, வட்டி எவ்வளவு, கட்டுறதுக்கு எத்தனை மாசம். மத்ததெல்லாம் மேடைப் பேச்சு. கன்னுக்குட்டியும் சாணியும் தனி லாபம்னு அப்பா சொல்லுவாரு, உண்மைதான், பொட்டைக்கன்னு விழுந்தா ரெண்டரை மூணு வருஷத்துல அதுவும் ஒரு மாடு. காளைக்கன்னு விழுந்தா அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டாரு.

இந்தக் கணக்குல நான் வேணும்னே ஒண்ணை விட்டுட்டேன், கவனிச்சீங்களா? அம்மாவோட கூலி. விடியக்காலம் 4:30க்கு எந்திரிச்சு சாணி அள்ளி, கறந்து, சொசைட்டிக்கு ஊத்தி, புல்லறுத்து, தண்ணி காட்டி, மறுபடி சாயங்காலம் அதே வேலை, ஒரு நாளைக்கு 5 மணி நேரம் சுளுவா ஓடும். மாசம் 150 மணி நேரம். 2,770ஐ 150ஆல வகுங்க, மணிக்கு 18 ரூபா சொச்சம். 2025-26ல நூறு நாள் வேலைக்கு தமிழ்நாட்டுக்கு அறிவிச்ச கூலி நாளைக்கு 336. ஏற்கனவே வீட்டு வேலை வேற. மத்திய அரசோட 2024 நேரப் பயன்பாட்டு சர்வேயில அந்த வேலை செய்யுறவங்களை மட்டும் எடுத்துப் பார்த்தா இந்தியப் பொம்பளைங்க சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு ஒரு நாளைக்கு 289 நிமிஷம் செலவு பண்றாங்க, ஆம்பளைங்க 88 நிமிஷம்னு வந்துச்சு. அந்த 88ம் எனக்கு சந்தேகம்தான், மார்க்கெட் போய் டீ குடிச்சுட்டு வர்றதையும் சேர்த்திருப்பாங்களோ என்னமோ. அந்த 289க்கு மேல இன்னொரு 300 நிமிஷத்தை ஏத்திட்டு அதுக்கு "சுயதொழில்"னு பேரு வெக்கிறோம்.

அதனால உங்க 10,000த்துல மொத ரெண்டு மூணு மாசத்துக்கு என் யோசனை, மாட்டை விடுங்க, புல்லு வெட்டுற மெஷின் ஒண்ணு, கொட்டாய்க்கு தண்ணி பைப் இழுக்குறது, கீழ ரப்பர் மேட், இதை லோன் இல்லாம நீங்களே செஞ்சு குடுங்க. ரெண்டு மூணு மாசப் பணம் ஆகும். பெண்கள்ல முதலீடு பெண்கள்ல முதலீடுன்னு பேசுறாங்களே, பாதி நேரம் அது அந்தப் பொம்பளையோட முதுகு வலியைக் கொறைக்கிறதாதான் இருக்கணும்னு எனக்குப் படும். தண்ணிக்கொடம் தூக்குற நேரம் மிச்சமானாலே தானா வேற ஏதாவது யோசிப்பாங்க, அவங்களுக்கு யோசனைக்குப் பஞ்சம் இல்ல.

அதே மாதிரிதான் இந்த இலவச பஸ்ஸையும் பார்க்குறேன். 2021 மே மாசம் சாதா கட்டண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைன்னு ஆனப்ப நானே "ஓசி"ன்னு சொன்னவதான், தப்பு. மாநிலத் திட்டக்குழு ஆய்வுல ஒரு பொம்பளைக்கு மாசம் சராசரி 888 ரூபா மிச்சமாகுதுன்னு வந்துச்சு. காசை விடுங்க, பஸ்ஸுக்கு 20 ரூபா குடுன்னு புருஷன்கிட்டயோ மகன்கிட்டயோ கேக்க வேண்டாம்ல, கேட்டா "எங்க போற, எதுக்குப் போற"ன்னு வரும்ல, அந்தக் கேள்வி நின்னுச்சு. எங்க தெருவுல ஒரு அம்மா பஸ் ப்ரீ ஆனப்புறம்தான் டவுன்ல இட்லிக் கடைக்கு மாவு அரைச்சுக் குடுக்கப் போக ஆரம்பிச்சாங்க, லோனும் இல்ல மானியமும் இல்ல. 2023 செப்டம்பர் 15 காஞ்சிபுரத்துல ஆரம்பிச்ச மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் அப்படித்தான், ஆரம்பிக்கும்போதே 1 கோடியே 6 லட்சம் பேருக்கு மேல. அதுக்கு "உதவி"ன்னு பேரு வெக்காம "உரிமை"ன்னு வெச்சது சரிதான், அந்த 289 நிமிஷத்துக்கு யாராவது ஏதாவது குடுக்கணும்ல. ஆனா அந்த 1,000 வந்த மெசேஜ் யாரு போனுக்குப் போகுது, ஏடிஎம் கார்டு யாரு பர்ஸ்ல இருக்கு? உங்க வீட்டுல பாருங்க. அம்மா கணக்குக்கு உங்க அப்பா நம்பர் குடுத்திருந்தா இந்த வாரமே மாத்துங்க. மத்த எல்லாத்துக்கும் முன்னாடி இது.

இப்ப மெயின் விஷயம். மாடு வாங்குறதா முடிவு ஆச்சுன்னா, சொசைட்டியில உறுப்பினர் யாரு? கறக்குறது அம்மா, ஊத்துறது அம்மா, பால் அட்டையில பேரு அப்பா, பட்டுவாடா அப்பா கணக்குக்கு. நூத்துல எத்தனை வீடு இப்படின்னு என்னால நம்பர் சொல்ல முடியாது, ஆனா என் கவுண்டர்ல பால் பணம் எடுக்க வந்த ஆம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு மாட்டுக்கு எத்தனை காம்புன்னு கேட்டா யோசிச்சுதான் சொல்லுவாங்க. டியூ அம்மா பேர்ல, வருமானம் அப்பா பேர்ல, இந்த ஒரு ஏற்பாட்டுலதான் எல்லா மகளிர் திட்டமும் ஊத்திக்குது. மாட்டு இன்சூரன்ஸும் அம்மா பேர்ல போடுங்க, காதுல நம்பர் போட்ட வில்லை போடுவாங்க, அது விழுந்துச்சுன்னா ஒடனே சொல்லி மறுபடி போட வைக்கணும், மாடு செத்தப்புறம் வில்லை இல்லைன்னா க்ளெய்ம் வராது. இதுல ஏமாந்தவங்க நெறைய பேரு.

லோன் தொகையை 40,000ஆ கொறைக்கச் சொல்லுங்க. அதுக்கு டியூ 1,329, மாசம் 1,400 சொச்சம் அவங்க கையில நிக்கும். மீதி 40,000 நீங்க நாலு மாசத்துல குடுத்துடலாம். முழுசா நீங்களே குடுத்துடலாமேன்னு கேப்பீங்க, குடுக்கலாம், ஆனா அப்ப அது "பையன் வாங்கிக் குடுத்த மாடு". குழுக் கடன்ல பாதி இருந்தா தீர்மான நோட்டுல அவங்க கையெழுத்து, கட்டி முடிச்சா அவங்க பேர்ல ரெக்கார்டு, நாளைக்கு இதைவிடப் பெரிய தொகை ஈடு இல்லாம கேக்கலாம், குழுவுக்கு 10 லட்சம் வரைக்கும் ஈடு கேக்கக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் விதியே இருக்கு. டியூவை மட்டும் நீங்க கட்டாதீங்க. கட்ட ஆரம்பிச்சீங்கன்னா மாடு லாபமா நஷ்டமான்னு யாருக்குமே தெரியாமப் போயிடும், அம்மா உட்பட.

மிச்ச மாசங்களோட 10,000 எங்க போடறது? வட்டி அரை பர்சன்ட் கூட கொறைய வர்றதைப் பத்தி ரொம்ப அலட்டிக்காதீங்க. அம்மா பேர்ல மட்டும், தனிக் கணக்கு, போஸ்ட் ஆபீஸ் ஆர்டி போதும், ரசீதுப் புக்கு அவங்க பொட்டிக்குள்ள. ஜாயின்ட் கணக்குன்னு அப்பாவை சேத்தீங்கன்னா அது அப்பா கணக்குதான், பேச்சே வேணாம். வருஷம் 20 ரூபா விபத்துக் காப்பீடு, 436 ரூபா ஆயுள் காப்பீடு ரெண்டும் பேங்க்லயே இருக்கு, ரெண்டுக்கும் 2 லட்சம். ஆயுளுக்கு 50 வயசுக்குள்ள சேரணும், அம்மாவுக்கு 48, தள்ளிப்போடாதீங்க. ஒரு நாள் அவங்களையே கவுண்டருக்குக் கூட்டிட்டுப் போய் படிவத்தை அவங்க கையாலயே எழுத வைங்க, நீங்க வெளிய புளியமரத்தடியில நில்லுங்க.

நகையைப் பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன். நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு கையில இருக்குற ஒரே மூலதனம் நகைதான், வீட்டுல எந்த அவசரம் வந்தாலும் மொதல்ல பேங்க்குக்கு வர்றதும் அதுதான், அப்பாவோட போர்வெல்லுக்கு, மாமாவோட கல்யாணத்துக்கு, உங்க காலேஜ் பீஸுக்கு. உங்க பீஸுக்கு வெச்சிருப்பாங்கன்னு ஒரு யூகத்துலதான் சொல்றேன், இல்லைன்னா மன்னிச்சுக்குங்க. தாய்வீட்டுச் சீர் பொண்டாட்டிக்கு மட்டுமே சொந்தம், புருஷன் அதுக்குக் காவல்காரன்தான்னு 1985லயே சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு. அதை இப்ப யாரும் சண்டைக்கு எடுக்க வேணாம், அம்மா நகை ஏதாவது அடகுல இருக்கான்னு மட்டும் கேளுங்க, இருந்தா ஆர்டிக்கு முன்னாடி அதைத் திருப்புங்க. அதைவிட நல்ல முதலீடு எனக்குத் தெரிஞ்சு இல்ல.

கடைசியா, இது நீங்க கேக்காத விஷயம். உங்க அக்கா ஏன் வேணாங்குதுன்னு கேட்டீங்களா? கேள்வியில நீங்க அக்காவை ஒரு வரியில தாண்டிட்டீங்க. எனக்குத் தோணுறது, அம்மாவுக்கு இடுப்பு புடிச்சுக்கிட்டா சனி ஞாயிறு ஓசூர்லேர்ந்து பஸ் ஏறி வந்து கறக்கப் போறது அந்தப் பொண்ணுதான், நீங்க இல்ல. அது கணக்கு போட்டுட்டுதான் சொல்லுது.

அதோட, நெலம் நெலம்னு சொல்றோமே, தீனி வளர்க்க, அது யாரு பேர்ல? தாத்தா வழி நெலம்னா 1989 மார்ச் 25லேர்ந்தே தமிழ்நாட்டுல அதுக்கு முன்னாடி கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு பையனுக்கு சமமா பங்கு உண்டு, இந்தியா பூரா வர்றதுக்கு 16 வருஷம் முன்னாடியே. 2005ல எல்லாப் பொண்ணுங்களுக்கும் வந்துச்சு, அந்தத் தேதியில அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு அவசியம் இல்லைன்னு 2020ல சுப்ரீம் கோர்ட் முடிச்சு வெச்சுது. சட்டம் இப்படி இருக்க சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசல்ல நடக்குறது வேற: ஒரு பட்டுச்சேலை, ஒரு பவுன், கூடவே ஒரு விடுதலைப் பத்திரம். "தம்பிக்கு விட்டுக்குடுத்துடும்மா, நாளைக்கு தாய்வீட்டு வாசல் உனக்கு வேணும்ல"ன்னு சொல்லி கைநாட்டு வாங்குறது. நான் லோனுக்கு டாக்குமென்ட் பார்க்கும்போது வில்லங்கச் சான்றுல வரிசையா விடுதலை, விடுதலை, விடுதலைன்னு வரும், அத்தனையும் அக்கா தங்கச்சிங்க பேரு. உங்க வீட்டு வில்லங்கத்தை ஆன்லைன்லயே எடுக்கலாம், எடுத்துப் பாருங்க. அப்படி ஒண்ணு இன்னும் எழுதலைன்னா, எழுதச் சொல்லி யாராவது பேச்செடுக்கும்போது நீங்க ஒரு ஆளு "வேணாம்"னு சொன்னாப் போதும், பொண்ணுங்க வாயால அதைச் சொல்ல முடியாது. அப்புறம், அம்மா பேர்லயே ரெண்டு சென்ட் வாங்குற யோசனை இருந்தா, 10 லட்சத்துக்குள்ள பொம்பளைங்க பேர்ல பதிஞ்சா 2025 ஏப்ரல்லேர்ந்து பதிவுக் கட்டணத்துல 1 பர்சன்ட் கம்மி.

சரி, சொசைட்டி செக்ரட்டரிகிட்ட அம்மா பேர்ல புது அட்டை போட என்ன கேக்குறாங்கன்னு விசாரிச்சுட்டு எழுதுங்க. பார்த்து வெச்சிருக்குற மாடு எத்தனாவது ஈத்து, அதாவது எத்தனாவது கன்னு போட்டிருக்குன்னும் சொல்லுங்க, ரெண்டாவது ஈத்துன்னா 80,000 பேசலாம், நாலாவதுன்னா 55க்கு மேல தாண்டாதீங்க. வாங்குறதுக்கு முன்னாடி சாயங்காலம் ஒரு தடவை, மறுநாள் காலைல ஒரு தடவை, ரெண்டு வேளையும் அம்மாவையே உக்கார வெச்சு கறந்து பார்க்கச் சொல்லுங்க, ஒரு வேளை மட்டும் பார்த்தா பாலை நிறுத்தி வெச்சு ஏமாத்திடுவாங்க.